இங்கே மனிதர்களை நிறுத்தாதீர்கள்

அடையாறிலோ அண்ணா நகரிலோ ஒரு சூப்பர் மார்க்கெட் பக்கத்து மனையை வாங்கிச் சேர்த்து இன்னும் இரண்டு மாடி எழுப்பப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே குடியிருப்போர் நலச்சங்கம் கூடிவிடும். ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தோடு வருவார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மனுவில் கமா திருத்துவார். வருகிறவர்களின் கார் எங்கே நிற்கும், சரக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும், எங்கள் கேட்டை மறித்து ஸ்கூட்டரை விட்டுப் போனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பார்கள். அத்தனையும் நியாயமான கேள்விகள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. தளப்பரப்புக்கு ஏற்ப இத்தனை கார், இத்தனை டூவீலர் நிற்க இடம் காட்டாவிட்டால் கடைக்காரரின் வரைபடம் மேசையை விட்டு நகராது. காகிதத்திலாவது நகராது.

மீறிக் கட்டுகிறார்களே என்பீர்கள். மீறுவதற்கும் முதலில் ஒரு விதி வேண்டாமா? தியாகராய நகரில் பார்க்கிங் என்று வரைந்து காட்டிய அடித்தளத்தில் ஜவுளி அடுக்கினார்கள். 1998இல் அரசு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, காசு கட்டினால் பாவம் தீரும் என்றது. இந்த ஒரு தடவைதான் என்று சொன்ன சலுகையை நீட்டிக்கொண்டே போனது. 2006இல் உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012இல் 113-சி என்று அதன் தம்பி பிறந்தான். எவ்வளவு மரியாதை பாருங்கள். ஒரு ஜவுளிக்கடையின் பார்க்கிங்குக்காகச் சட்டமன்றம் கூடுகிறது, கோர்ட் கூடுகிறது, கமிட்டி கூடுகிறது.

வட சென்னையில் இருப்பது அதைவிடப் பெரிய கடை, சென்னைத் துறைமுகம். தென்னிந்தியாவின் பல ஊர்களுக்குச் சரக்கு இறங்குவதும் ஏறுவதும் இங்கேதான். வாசல் ராயபுரத்தில், பெயர் ஜீரோ கேட். 2001இல் எண்ணூரில் ஒரு கிளை திறந்தார்கள், காமராஜர் துறைமுகம். பிறகு அதற்குப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் இன்னொன்று. இந்தக் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் கையில் மஞ்சள் பையோடு வருவதில்லை. இருபதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி என்று டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். இருபதடிப் பெட்டிக் கணக்கில் சென்னைத் துறைமுகம் மட்டும் ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்தைத் தாண்டிய வருடங்கள் உண்டு.

இத்தனை பெரிய கடைக்குப் பார்க்கிங் எங்கே?

காசிமேடு, நாகூரான் தோட்டம், கே.வி.கே. குப்பம், திருச்சினாங்குப்பம், ஒண்டிக்குப்பம், எர்ணாவூர். ஒரு பக்கம் கடலுக்குப் போட்ட கருங்கல், மறுபக்கம் எங்கள் வீட்டு வாசல், நடுவில் எண்ணூர் விரைவு சாலை. கட்டணம் கிடையாது, ரசீது கிடையாது, நேர வரம்பு கிடையாது. 'இங்கே வாகனங்களை நிறுத்தாதீர்கள்' என்று போக்குவரத்துக் காவல்துறை வைத்த பலகையை யாரும் மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். டிரெய்லர் அதை மறைத்துக்கொண்டு நிற்பதால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

2010களில் வரிசை பத்து கிலோமீட்டரைத் தாண்டிய நாட்கள் இருந்தன. இப்போது அவ்வளவு மோசமில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள், சொல்லட்டும். ஒரே வாரத்தில் நாலு கப்பல் வந்து நிற்கும்போது வந்து பாருங்கள். கேட்டில் கணினி படுத்துவிட்ட நாளில் வாருங்கள். டிரெய்லர் உரிமையாளர்கள் ஸ்டிரைக் முடித்த மறுநாள் வாருங்கள். வரும்போது டிபன் பாக்ஸ் எடுத்து வாருங்கள்.

ஆறு மணிச் சாயங்காலம், ஒண்டிக்குப்பத்துக்கு எதிரே. ஒன்றன் மூக்கு இன்னொன்றின் வாலில் முட்டுகிற மாதிரி டிரெய்லர்கள். இரண்டுக்கும் இடையே ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால் நுழையலாம். தலையில் அன்னக்கூடையோடு ஓர் அம்மா திரும்புகிறார். கூடை திரும்பவில்லை. மீன் தண்ணீர் அவர் தோளில் வழிகிறது. பின்னால் யூனிபாரம் போட்ட பையன், முதுகுப் பையைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அதே சந்தில் நுழைகிறான். பின்சக்கரத்தடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிகிறது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் வெங்காயம் நறுக்குகிறார்.

"இன்னாப்பா, கொஞ்சம் முன்ன எடுத்தா இன்னா?"

"எங்கக்கா எடுக்கிறது? முன்னாடி வண்டி நிக்குதே. நேத்து ராத்திரி வந்தது. கேட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கு."

"அப்ப நீ இன்னும் குளிக்கக்கூட இல்ல?"

டிரைவர் பதில் சொல்லவில்லை. குளிப்பதை விடுங்கள். இந்தச் சாலையில் வரிசை நிற்கிற நீளத்துக்கு அவருக்கு எத்தனை கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கருங்கல் இருக்கிறது, கடல் இருக்கிறது, இருட்டு இருக்கிறது. காலையில் அதே கருங்கல்லில் எங்கள் பிள்ளைகள் தூண்டில் போடுவார்கள்.

அவர் ஏன் நேற்று ராத்திரியே வந்தார்? கப்பலுக்கு ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் பெட்டி உள்ளே போகாவிட்டால் கப்பல் போய்விடும். ஏற்றுமதி செய்கிறவர் சரக்குப் பெட்டக நிலையத்தை விரட்டுகிறார், நிலையம் ஏஜெண்டை விரட்டுகிறது, ஏஜெண்ட் டிரைவரை விரட்டுகிறார். ஒரே கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகள் மணலியிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் ஶ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஒரே ராத்திரியில் கிளம்புகின்றன. கேட்டில் பார்ம்-13 பார்க்க வேண்டும், சீல் பார்க்க வேண்டும், எடை பார்க்க வேண்டும். இறக்கியான பிறகு காலிப் பெட்டி எடுக்க இன்னொரு யார்டு, அங்கே இன்னொரு வரிசை. டிரைவருக்கு டிரிப் கணக்கில்தான் காசு. இரண்டு நாள் நின்றாலும் ஒரு டிரிப், இரண்டு மணி நேரத்தில் முடிந்தாலும் ஒரு டிரிப்.

கப்பல் குறித்த நேரத்துக்கு மேல் காத்திருந்தால் டெமரேஜ், யாராவது கட்டியாக வேண்டும். பெட்டி யார்டில் சலுகை நாட்களுக்கு மேல் கிடந்தால் கிரவுண்ட் ரென்ட். கப்பல் கம்பெனிக்குக் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் டிடென்ஷன், அதுவும் டாலரில். இந்தத் தொழிலில் காத்திருப்புக்கு மணிக்கணக்கில் விலை உண்டு. ஒரு இரும்புப் பெட்டி சும்மா கிடக்கிற நேரத்துக்குக்கூட விலை உண்டு. இலவசமாகக் காத்திருக்கக் கிடைத்தவர்கள் இரண்டே பேர்: டிரைவர் ஒருவர், எங்கள் தெரு ஒன்று. தாமதம் முழுவதும் எங்கே போய்த் தேங்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. வரை போக வேண்டுமா? எங்கே விலை இல்லையோ அங்கே தேங்கும். இதைத்தான் நெரிசல் என்கிறார்கள். ஏதோ மழை வெள்ளம் மாதிரி, இயற்கையாக வந்தது மாதிரி.

இது இன்று தொடங்கிய ஏற்பாடு இல்லை. 1876இல் வெள்ளைக்காரன் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினான். தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற மணல் சுவரில் தடுக்கி நின்றது. தெற்குப் பக்கம் குவிந்த மணலுக்குப் பெயர் மெரினா. அங்கே சுண்டல் விற்கலாம், காற்று வாங்கலாம், சிலை வைக்கலாம், தலைவர்களை அடக்கம் செய்யலாம். வடக்குப் பக்கம் மணல் வராமல் போக, கடல் ராயபுரத்தையும் காசிமேட்டையும் திருவொற்றியூரையும் தெருத்தெருவாகத் தின்றது. எஞ்சியதைக் காப்பாற்றத்தான் இந்தக் கருங்கல். ஒரே சுவர்தான். அவர்களுக்குக் கடற்கரை, எங்களுக்குக் கடலரிப்பு. உலகத்திலேயே மிக நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோமே, அந்தப் பாடத்தை நடத்திய வாத்தியார் யார் வீட்டு மணல் அது என்று சொல்லவே இல்லை.

2011இல் நடந்ததும் இதே கதை. துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசி ராயபுரத்தில் கொடியில் காயப்போட்ட வேட்டியைக் கறுப்பாக்கியது, நுரையீரலையும் கறுப்பாக்கியது. மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் இனி இங்கே கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ராயபுரத்துக்காரர்கள் மூச்சுவிட்டார்கள், அதை யாரும் குறை சொல்ல முடியாது. தூசி என்ன ஆயிற்று? எண்ணூருக்கு மாற்றலாகிப் போனது. அரசு ஊழியருக்குக்கூட மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றல் திரும்பி வரும், இந்தத் தூசி எண்ணூரிலேயே நிரந்தரமாகிவிட்டது. அழுக்கு எப்போதும் வடக்கே போகும் என்பது நியூட்டன் எழுத மறந்த விதி.

இனி சாலைக் கதை. எண்ணூர்-மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் 1998இல் கருவானது. எண்ணூர் விரைவு சாலை, திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி சாலை, மணலி எண்ணெய் ஆலைச் சாலை, உள்வட்டச் சாலையில் ஒரு பகுதி, எல்லாம் சேர்த்து சுமார் 30 கிலோமீட்டர். இதற்காகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் துறைமுகங்களும் சேர்ந்து தனிக் கம்பெனியே தொடங்கின. வேலை தொடங்கியது 2011இல். கருவுக்கும் பிரசவ வலிக்கும் நடுவே பதின்மூன்று வருடம். அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகள் டிரெய்லரைப் பார்த்தே எண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

சாலையை அகலமாக்க ஓரத்து வீடுகள் குறுக்கே நின்றன. மீனவர் வீடுகள். ஆக்கிரமிப்பு என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். படகு நிறுத்தவும் வலை காயப்போடவும் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். பேச்சுவார்த்தை, இழப்பீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, கடைசியில் ஜே.சி.பி. சரி, இடித்தீர்கள். சாலை அகலமானது. அகலமான அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது?

டிரெய்லர் நிற்கிறது. எங்கள் பாட்டி குந்தி உட்கார்ந்து கருவாடு காயவைத்த அதே இடத்தில், அதே அளவில் நிற்கிறது. பாட்டி உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பு. பதினெட்டுச் சக்கரம் உட்கார்ந்தால் பொருளாதாரம்.

ஆகவே அரசுக்கு என் பணிவான யோசனை ஒன்று. இரண்டு ராத்திரிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கும் டிரெய்லருக்குக் குடியிருப்புச் சான்று கொடுங்கள். ரேஷன் கார்டு கொடுங்கள், பொங்கலுக்கு வேட்டி கொடுங்கள், அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் பட்டியலில் சேருங்கள். வேட்பாளர்கள் அவற்றைத் தேடி வர வேண்டியதில்லை. பிரசார வேன் எப்படியும் அவற்றின் பின்னால்தான் மாட்டிக்கொண்டு நிற்கப் போகிறது. திருவொற்றியூர்த் தேரடியில் கோயில் தேர் வருடத்துக்கு ஒரு முறைதான் அசைகிறது என்று பக்தர்களுக்கு வருத்தம் உண்டு. விரைவு சாலைப் பக்கம் வந்தால் தினமும் தேர் பார்க்கலாம், அசைவது மட்டும் உத்தரவாதமில்லை.

தரையில் முடியாவிட்டால் வானத்தில் போகலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை பறக்கும் சாலை, 19 கிலோமீட்டர். 2009 ஜனவரி 8 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2010இல் வேலை தொடங்கியது. 2012 மார்ச்சில் மாநில அரசு நிறுத்தியது. தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றனவாம். கூவத்தின் நீரோட்டம்! அந்தச் சொல்லைக் கேட்டுக் கூவமே ஒரு நிமிடம் ஓடியிருக்கும். ஆட்சி மாறியதற்கும் நீரோட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நம்புகிற நல்ல மனம் எனக்கு வாய்க்கவில்லை. 2014இல் உயர் நீதிமன்றம் வேலையைத் தொடரலாம் என்றது. தொடரவில்லை. கட்டிய தூண்கள் கூவக்கரையில் வெற்றுத் தலையோடு நின்றன. அவற்றுக்கு என்றாவது ஒரு நாள் கூரை கிடைக்கும் என்று நினைத்து அவற்றின் அடியில் குடித்தனம் போட்டவர்களையும் ஆக்கிரமிப்பு என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

2022 மே 26 அன்று பிரதமர் மோடி அதே சாலைக்கு அடிக்கல் நாட்டினார். இந்த முறை ஈரடுக்கு. மதிப்பீடு சுமார் 1,800 கோடியிலிருந்து 5,800 கோடிக்கு மேலே போய்விட்டது. ஒரு சாலைக்கு இரண்டு அடிக்கல், இரண்டு பிரதமர்கள். கட்சி எதுவானாலும் கல் நாட்டுவதில் குறை வைக்கவில்லை. நடுவே போன பதின்மூன்று வருடத்தில் மேலே போக வேண்டிய ஒவ்வொரு பெட்டியும் கீழே, எங்கள் வழியாகப் போனது. கூடுதல் 4,000 கோடிக்குக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். கீழே போன பெட்டிகளில் அடிபட்டவர்களுக்கு?

அடிபட்டவர்களைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வரவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவர், பால் வாங்கப் போனவர், டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவர் என்று மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். டிரைவர் கைது. டிரெய்லர் ஸ்டேஷன் வாசலில். அதற்கு அங்கேயாவது நிறுத்த இடம் கிடைக்கிறது.

2023 டிசம்பர் எங்களுக்கு மறக்காது. மாத முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. மீனவர்கள் அதை வாளியால் அள்ளினார்கள். 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளை வாரிச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஆட்டோவில், பைக்கில், கால்நடையாக. பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

ஓடுவதற்கு எந்தச் சாலை இருக்கிறது? இதே சாலை. உர ஆலை, அனல்மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு, எரிவாயுக் கிடங்கு எல்லாவற்றையும் வரிசையாக ஓரிடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆபத்து என்றால் ஓடுவதற்கு இருக்கிற ஒரே அகலமான சாலையை லாரி ஷெட் ஆக்கி வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி வருவதும் இதில்தான். ஆம்புலன்ஸ் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போவதும் இதில்தான். பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்று ஒன்று கலெக்டர் ஆபீசில் இருக்கும், நன்றாக பைண்ட் செய்திருப்பார்கள். அதில் எங்கள் சாலைக்கு அம்புக்குறி போட்ட பக்கத்தை எழுதியவரை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கப்பல் கட்-ஆஃபுக்கு முன்னால், அந்த அம்புக்குறி வழியே ஒரு முறை ஓடிக் காட்டச் சொல்ல வேண்டும். கையில் ஒரு குழந்தையையும் கொடுத்து.

இப்போது கடை விரிவாக்கம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி குழுமம் வாங்கியது. அதை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக்கத் திட்டம். கையாளும் சரக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னிலிருந்து 32 கோடி டன். சுமார் பதின்மூன்று மடங்கு. பதின்மூன்று மடங்கு துணி விற்கப் போகிறேன் என்று தியாகராய நகர்க் கடைக்காரர் ஒருவர் மனு கொடுத்திருந்தால் பாண்டி பஜாரில் துப்பாக்கிச் சூடு நடந்திருக்கும். இங்கே 2021 ஜனவரி 22 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள். மீனவர்களும் சூழலியலாளர்களும் கடலரிப்பு, பழவேற்காடு ஏரி, கொற்றலை ஆறு என்று கேட்ட கேள்விகளுக்கு முன்னால் என் பார்க்கிங் கேள்வி சின்னதுதான். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

பதில் தயாராக இருக்கும், எனக்கே தெரியும். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை 133 கிலோமீட்டர் சென்னை எல்லைச் சாலை வருகிறது, லாரியெல்லாம் மேற்கே திரும்பிவிடும் என்பார்கள். வரட்டும், நல்லது. காட்டுப்பள்ளிக்கும் காமராஜருக்கும் அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ராயபுரம் ஜீரோ கேட்டுக்கு வருகிற பெட்டி எந்த எல்லையைச் சுற்றினாலும் கடைசியில் எங்கள் வழியாகத்தானே வந்தாக வேண்டும்? இன்னொன்றும் சொல்வார்கள். வட சென்னை வளர்ச்சித் திட்டம், 2023இல் 1,000 கோடியில் அறிவித்து 2024 மார்ச்சில் 4,181 கோடிக்கு விரிவாக்கியது. நூலகம், பூங்கா, பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நூலகத்துக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டும் என்பது மட்டும்தான் சிக்கல்.

திருவொற்றியூர் நகராட்சியை 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைத்து மண்டலம் 1 என்று எண் கொடுத்தார்கள். பட்டியலில் நாங்கள்தான் நம்பர் ஒன். ராயபுரம் 5. அடையாறு 13. எண்ணத் தொடங்கும்போது முதலில் வருகிறோம், கொடுக்கத் தொடங்கும்போது கை தெற்கிலிருந்து எண்ணுகிறது.

இதைத் தீர்க்கவே முடியாதா என்றால், முடியும். ஆஸ்திரேலியாவில், சிட்னியின் போர்ட் பாட்டனி துறைமுகத்திலும் இதே கதைதான் நடந்தது, லாரி வரிசை, டிரைவர் காத்திருப்பு, பக்கத்து ஊர்க்காரர்களின் புகார். 2010க்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் அரசு ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. லாரி குறித்த நேரத்துக்கு வராவிட்டால் லாரிக்காரர் துறைமுக முனையத்துக்கு அபராதம் கட்ட வேண்டும். வந்த லாரியைக் குறித்த நேரத்துக்கு மேல் காக்கவைத்தால் முனையம் லாரிக்காரருக்கு அபராதம் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் காசு. அங்கேயும் மனிதர்கள்தான் நடத்துகிறார்கள், தேவர்கள் இல்லை. காத்திருப்பு தன் பாக்கெட்டைத் தொட்டதும் நேரம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

நாங்கள் கேட்பதும் அதுதான், இனி கிண்டல் இல்லை. கேட்டில் நேரம் ஒதுக்கப்படாத பெட்டி யார்டை விட்டு வெளியே வரக் கூடாது. நேரம் ஒதுக்கியும் உள்ளே விடாமல் நிறுத்தினால் ஒவ்வொரு மணிக்கும் முனையம் பணம் கட்ட வேண்டும், அதில் டிரைவரின் பங்கு டிரைவர் கையில் போக வேண்டும். நிற்கத்தான் வேண்டும் என்றால் துறைமுகத்தின் சொந்த நிலத்தில், கக்கூசும் குளியலறையும் சாப்பாட்டுக் கடையும் உள்ள இடத்தில் நிற்கட்டும். எண்ணூர் விரைவு சாலையில் ஒரு தடம் எந்நேரமும் காலியாக இருக்க வேண்டும், ஆம்புலன்சுக்கும் ஓடுகிறவர்களுக்கும். காட்டுப்பள்ளிக் கருத்துக் கேட்பு மூன்றாவது முறை அறிவிக்கப்பட்டால், 32 கோடி டன் எந்தத் தெருவில் நிற்கும் என்பதைக் கிராமத்தின் பெயர், சர்வே எண்ணோடு எழுதிக்கொண்டு வரட்டும். அது இல்லாத அறிக்கையை மேடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை, இந்தச் சாலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிற்கிற டிரெய்லர்தானே என்று அதன் முன்னால் குறுக்கே போகாதீர்கள். வரிசை எந்த நிமிடம் நகரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த உயரத்தில் கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு, பம்பரை ஒட்டி நிற்கிற ஆள் கண்ணில் படவே மாட்டார். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.